ஆஸ்பத்திரி பெட்ஷீட், மெத்தை உறைக்கு கிருமி எதிர்ப்பு கோட்டிங் போட்டதா வாங்கணுமா?

20 பெட் நர்சிங் ஹோம் ஆரம்பிக்கறேன், ஆன்டிமைக்ரோபியல் கோட்டிங் போட்ட துணிக்கு டபுள் ரேட் சொல்றாங்க, வாங்கலாமானு கேட்டிருக்கீங்க. நான் பெருந்துறை பக்கம் ஒரு ப்ராசஸிங் யூனிட்ல ஃபினிஷிங் செக்‌ஷன்ல 14 வருஷமா இருக்கேன். தண்ணி எறங்காத நல்ல மெத்தை உறைக்கு தாராளமா காசு போடுங்க, பெட்ஷீட்டுக்கு அந்த டபுள் ரேட் வேண்டாம்.

பெட்ஷீட்டுக்கு நாங்க செய்யறது என்னன்னா, சில்வர் (வெள்ளி) இல்லனா குவாட்னு சொல்ற குவாட்டர்னரி அமோனியம் கெமிக்கல் கலந்த தண்ணில துணிய முக்கி, ரோலர்ல பிழிஞ்சு, ஸ்டென்டர்ங்கற சூட்டு மெஷின்ல சூடேத்தி எடுப்போம். அந்த சூடு சரியா ஏறலைனா நாலு வாஷ்லயே போயிடும், ஆனா கண்ணால பாத்தா ரெண்டு துணியும் ஒண்ணாத்தான் இருக்கும். குவாட் ஃபினிஷ் தன்னைத் தொடற கிருமியத்தான் கொல்லும், ரத்தமோ சீழோ மேல ஒரு படலமா காஞ்சுட்டா கிருமி அதுக்கு மேலயே உக்காந்துக்கும். எப்படியும் ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் ஷீட்ட தொவைக்கத்தான் போறீங்க. இங்கிலாந்து ஆஸ்பத்திரி லாண்டரில துணி முழுக்க சூடு ஏறினப்புறம் 65 டிகிரில 10 நிமிஷம், இல்லனா 71 டிகிரில 3 நிமிஷம் வெக்கணும்னு இருக்கு, அந்த வெந்நீர் உங்க ஷீட்டுக்குப் போதும். பெட்ட சுத்தி மறைக்கற ஸ்கிரீன் துணி வேற கதை, எல்லார் கையும் படும், யாரும் அடிக்கடி தொவைக்கறதில்ல, அதுக்கு ஃபினிஷ் போட்டா கொஞ்சம் பிரயோஜனம் உண்டு.

மெத்தை உறைய பத்தி கொஞ்சம் விவரமாவே சொல்லணும். 2019ல எங்கம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன், ஒரு ஆஸ்பத்திரில ஒம்போது நாள் இருந்தோம், மூணாவது நாள்லருந்து ஒரு வாடை. ஷீட்ட மாத்தியும் போகல. சிஸ்டர்கிட்ட சொன்னேன், "ஏங்ண்ணா, நல்லா தொடச்சுதானே போட்டோம்"னாங்க, அவங்க சொன்னதும் நெசந்தான், உறை மேல பளிச்சுனு இருந்துச்சு. அம்மாவ சேர்ல உக்கார வெச்சுட்டு ஜிப்ப தொறந்து பாத்தேன், ஸ்பாஞ்ச்ல சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மஞ்சக் கறை, தொட்டா ஈரம். உறைய டியூப்லைட் முன்னாடி பிடிச்சா தையல் ஓரம் பூரா ஊசி ஓட்டை வழியா வெளிச்சம் வருது. எந்த பேஷன்ட்டோட ஈரமோ, அதுக்கு மேலதான் எங்கம்மா தையல் போட்ட இடுப்போட மூணு நாள் படுத்திருந்தாங்க. அன்னிக்கே மெத்தைய மாத்திக் குடுத்தாங்க, ஆனா எனக்கு இன்னிக்கும் ஆறல.

அதனால ரெக்சின் வேண்டாம், அது வேர்க்கும், மடிப்புல வெடிக்கும். பின்னல் துணி மேல பியூ, அதாவது பாலியூரித்தேன், கோட்டிங் போட்டது வாங்குங்க, உடம்போட இழுபடும், ஆவி போகும், தண்ணி எறங்காது. பாலிஈதர் பியூவானு கேட்டு வாங்குங்க, பாலியெஸ்டர் பியூன்னா ஈரத்துலயும் சூட்டுலயும் சீக்கிரம் கொப்புளிச்சு உரிஞ்சிடும். ஓரம் தையலா இல்லாம, உருக்கி ஒட்டின வெல்டிங்கா இருக்கணும், ஜிப்புக்கு மேல மடிப்பு மூடியிருக்கணும்.

தொடைக்கும்போது மொதல்ல சோப்புத் தண்ணி, அப்புறம் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், ப்ளீச் தண்ணி), கடைசில வெறும் தண்ணில தொடச்சு காய விடணும். 5 பர்சன்ட் ஹைப்போன்னா ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணி. ஸ்ட்ராங்கா அப்படியே ஊத்தினா, இல்ல கடைசித் தண்ணிய விட்டுட்டா, கோட்டிங்க நாமளே அரிச்சிடறோம்.

மாசத்துக்கு ஒருதடவ உறைக்கு அடில டிஷ்யூ பேப்பர் வெச்சு, மேல முஷ்டியால குழி மாதிரி அமுக்கி அரை டம்ளர் தண்ணி ஊத்தி, ரெண்டு மூணு நிமிஷம் அமுக்கிட்டே இருங்க. தண்ணிய தொடச்சுட்டு ஜிப்ப தொறந்து பேப்பர பாருங்க. நனைஞ்சிருந்தா அந்த உறைய ஒட்டுப் போட வேண்டாம், தூக்கிப் போட்டுடுங்க, ஸ்பாஞ்சும் நனைஞ்சிருந்தா அதையும் சேத்து.