யோசித்தது நீங்களா, உங்கள் கேரக்டரா?

இந்த முறை வந்த கேள்விகளில் ஐந்து ஒரே இடத்தில் போய் முட்டியதால், பக்கம் முழுவதையும் ரோல்பிளேயிங் கேம்களுக்கே கொடுத்துவிட்டேன். ஆடிப் பார்க்காதவர்களுக்கு: ஒருவர் உலகத்தை வர்ணிப்பார், அவர் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்). மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு கேரக்டர், அதன் வலு, அறிவு, பேச்சு எல்லாம் எண்களாக ஒரு தாளில் இருக்கும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் 20 முகப் பகடையை உருட்டி (இதுதான் ‘ரோல்’), தாளில் இருக்கும் எண்ணுக்கு ஏற்ற மதிப்பைக் கூட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். என்னுடையது மந்திரவாதி, இன்டெலிஜென்ஸ் 18. நண்பனுடையது கோடாரி தூக்கும் பார்பேரியன், இன்டெலிஜென்ஸ் 8. ஆனால் நிஜத்தில் நண்பனுக்குப் புதிர் என்றால் உயிர். கதவில் விடுகதை எழுதியிருந்தால் நான் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் பார்பேரியன் விடை சொல்லிவிடுகிறான். “யார் சொன்னால் என்ன?” என்கிறார் டிஎம். அப்புறம் 18 வைத்து எனக்கு என்ன பயன்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, கணக்கே அதைச் சொல்கிறது. தாளில் 18 இருந்தால் பகடையில் விழுவதோடு +4 கூடும், 8 இருந்தால் –1. எல்லாம் சேர்த்து 15 எடுக்க வேண்டிய வேலை என்றால் உங்களுக்கு 50 சதவீத வாய்ப்பு, நண்பனுக்கு 25. விடுகதையை டிஎம் மேசையில் வாசித்து ஆட்களிடமே விடை கேட்கும்போது இந்த எண்கள் உள்ளேயே வருவதில்லை, அதனால் நீங்கள் அறிவுக்குக் கொடுத்த விலை வீண், நண்பன் வலுவுக்குக் கொடுத்த விலை மட்டும் சண்டைக்குச் சண்டை பலன் தருகிறது.

அதற்காக நண்பனை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்ல எனக்கு மனம் வராது. புதிர் பிடிக்கும் ஒருவர் முன்னால் புதிரை வைத்துவிட்டு, தெரியாத மாதிரி இரு என்பது கொடுமை. என் மேசையில் செய்வது இது: விடையை யார் வேண்டுமானாலும் யோசிக்கலாம், கதைக்குள் அதைச் சொல்வது மந்திரவாதி. அதோடு, விடுகதையை வாசிக்கும் முன்பே மந்திரவாதியை மட்டும் ஒரு ரோல் போடச் சொல்வேன். நன்றாக விழுந்தால் அந்தக் கண்ணுக்கு மட்டும் படும் விஷயம் கிடைக்கும்: மூன்றாவது வரி வேறு கை செதுக்கியது, இந்த எழுத்தைக் கல்லறைகளில்தான் பயன்படுத்துவார்கள், இப்படி. இப்போது நீங்கள் இல்லாமல் நண்பனால் விடையை நெருங்க முடியாது. எண் தகவலைக் கொண்டுவரட்டும், அதை வைத்து என்ன செய்வது என்பதை மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆள் யோசிக்கட்டும் என்பதுதான் இத்தனை வருடம் ஆட்டம் நடத்தியதில் நான் வந்து சேர்ந்த இடம்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1981இல் வந்த கால் ஆஃப் கதூலு என்ற ஆட்டத்தில் ஐடியா ரோல் என்று ஒன்று உண்டு, ஆடுபவருக்குத் தோன்றாதது கேரக்டருக்குத் தோன்றியிருக்குமா என்று பார்ப்பதற்காகவே. கர்ப்ஸ் என்ற ஆட்டத்தில் 10 பாயிண்ட் கொடுத்து ‘காமன் சென்ஸ்’ வாங்கலாம். நீங்கள் முட்டாள்தனமாக ஏதாவது செய்யப் போனால், ஆட்டம் நடத்துபவர் உங்கள் கேரக்டரின் அறிவுக்கு ஒரு ரோல் போட்டுவிட்டு, “கொஞ்சம் யோசித்துக்கொள்” என்று எச்சரிக்க வேண்டும். இரண்டுமே எனக்குப் பிடித்த விதிகள்.

கேள்வி: எனக்குப் பேசக் கூச்சம். நிஜத்தில் முடியாததை ஆட்டத்திலாவது செய்யலாம் என்று கரிஸ்மா, அதாவது பேசிக் கவரும் திறன், 18 உள்ள பாடகி கேரக்டரை எடுத்தேன். காவலாளியைச் சமாதானப்படுத்தப் போனால் “என்ன பேசுவாய், பேசிக் காட்டு” என்கிறார் டிஎம். திணறினால் “அவன் நம்பவில்லை” என்று முடித்துவிடுகிறார், பகடையே உருட்ட விடுவதில்லை. விலகிவிடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: விலகும் முன் உங்கள் டிஎம்மிடம் இதைக் காட்டுங்கள். அவர் செய்வது தவறு. பார்பேரியன் கதவை உடைக்கிறேன் என்றால், எழுந்து இந்த வீட்டுக் கதவை உடைத்துக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. பேச்சுக்கு மட்டும் ஏன் தேர்வு?

இதை நானும் செய்திருக்கிறேன். அதிகம் பேசாத ஒரு தோழியை வாராவாரம் “நடித்துக் காட்டு” என்று வற்புறுத்தினேன், உற்சாகப்படுத்துவதாகத்தான் நினைத்தேன், இரண்டு மாதத்தில் வருவதையே நிறுத்திவிட்டார். காரணம் எனக்குப் புரிய இன்னும் ஒரு வருடம் ஆனது. இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது.

டிஎம் உங்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு: காவலாளியிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும், அதற்கு அவன் முன்னால் எதை வைக்கிறீர்கள்? “வண்டியில் காய்ச்சல்காரர் இருக்கிறார், வைத்தியரிடம் போக வேண்டும் என்று நம்ப வைக்கப் பார்க்கிறேன்” என்று சாதாரணக் குரலில் சொன்னாலே போதும். அழகாகப் பேசும் வேலையைத் தாளில் இருக்கும் 18 பார்த்துக்கொள்ளும். முதல் லெவலில் பெர்சுவேஷன் (பேசி இணங்க வைத்தல்) பயிற்சியும் இருந்தால் மொத்தம் +6, 15 எடுக்க 60 சதவீத வாய்ப்பு. முந்தின நாள் ஊருக்குள் விசாரித்து, அந்தக் காவலாளியின் மகளுக்கும் அதே காய்ச்சல் என்று தெரிந்துகொண்டு மருந்தில் பாதி தருகிறேன் என்று சொன்னீர்களா, அதற்கு அட்வாண்டேஜ் கொடுக்க வேண்டும். பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்தால் 60 என்பது 84 ஆகிவிடும். யோசனைக்கு இந்த 24 கிடைக்கட்டும், நாக்கு வேகத்துக்குத் தனியாக எதுவும் வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று விட்டுவிட்டால், சரளமாகப் பேசுகிறவர் கரிஸ்மாவை 8இல் வைத்துவிட்டு மிச்சத்தையெல்லாம் வாள் வீச்சில் போட்டுக்கொண்டு, இரண்டையும் அனுபவிப்பார். அவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் பகடையில் அந்த –1 கூட வர வேண்டும்.

கேள்வி: நான் டிஎம். எந்த அறைக்குள் போனாலும் “பெர்செப்ஷன் போடுகிறேன்” என்று, கண்ணில் ஏதாவது படுகிறதா என்று பார்க்கப் பகடையை உருட்டிவிடுகிறார்கள். யாரும் எதையும் யோசிப்பதில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் மூன்று சிறு புத்தகங்களில் திருடன் என்ற கேரக்டர் வகையே கிடையாது. பொறி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் தரையில் தண்ணீரை ஊற்றி எங்கே வடிகிறது என்று பார்ப்பார்கள், 10 அடிக் கம்பால் தட்டுவார்கள். 1975இல் கிரேஹாக் என்ற இணைப்பில் திருடன் வந்தான், பூட்டைத் திறக்க இத்தனை சதவீதம், பொறியை நீக்க இத்தனை என்று அட்டவணையோடு. அதுவரை எல்லோரும் கையால் செய்த வேலை ஒருவருடைய எண்ணாக மாறியது, சண்டையும் தொடங்கியது. 2000இல் மூன்றாம் பதிப்பு தேடுவது, பேரம் பேசுவது, பொய்யைக் கண்டுபிடிப்பது எல்லாவற்றையும் எண்ணாக்கியது. உங்கள் ஆட்கள் அந்தப் பழக்கத்தின் வாரிசுகள்.

எண்ணை நம்பாமல் ஆளே யோசிக்கட்டும் என்ற எதிர்ப்பக்கத்தின் உச்சம் கைகாக்ஸ் எழுதிய டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்ற சாகசம். 1975இல் போட்டிக்காக நடத்தப்பட்டு 1978இல் அச்சானது. அதில் சுவரில் ஒரு பச்சைப் பேய் முகம், திறந்த வாய்க்குள் கும்மிருட்டு. உள்ளே நுழைகிற யாரும் இல்லாமலே போய்விடுவார்கள், தப்பிக்கப் பகடை கிடையாது. எத்தனையாவது லெவலாக இருந்தாலும் தாளில் உள்ள எந்த எண்ணும் உதவாது, முதலில் ஒரு கம்பை உள்ளே விட்டுப் பார்க்கிறவர் பிழைப்பார். 2008இல் மாத்யூ ஃபின்ச் பழைய பாணி ஆட்டத்துக்கு எழுதிய சிறு கையேடும் இதையே முன்வைத்தது: ஆடுபவரின் திறமை முதலில், கேரக்டரின் திறன் அப்புறம்.

எனக்கு அந்தப் பாணி மிகவும் பிடிக்கும், ஆனால் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். அதில் நாளடைவில் ஆடுபவர்கள் கற்றுக்கொள்வது உலகத்தை அல்ல, தங்கள் டிஎம்மின் மனதை. ஒவ்வொரு கல்லையும் கம்பால் தட்டித் தட்டி ஒரு சாயங்காலமே போய்விடும்.

உங்கள் மேசைக்கு நான் சொல்வது: “பெர்செப்ஷன்” என்றதும் “எங்கே பார்க்கிறீர்கள், எதைத் தொடுகிறீர்கள்?” என்று கேளுங்கள். “மெத்தையைத் தூக்கி அடியில் தடவுகிறேன்” என்று ஒருவர் சொல்லி, சாவியும் அங்கேதான் இருந்தால், பகடையே வேண்டாம், சாவியைக் கொடுத்துவிடுங்கள். சுவரிலிருந்து பாயும் கத்திப் பொறியில், அந்தப் பிளவுக்குள் இரும்பு ஆணியை அடித்துச் செருகுகிறேன் என்றால், கத்தி வெளியே வர முடியாது, அவ்வளவுதான். மேலிருந்து அம்பு பாய்ந்துகொண்டிருக்கும்போது அதே ஆணியை அடிக்க வேண்டும் என்றால்தான் கைநடுக்கத்துக்குப் பகடை. “பொதுவாகப் பார்க்கிறேன்” என்பவர் உருட்டிக்கொள்ளட்டும், அவருக்கும் வழி இருக்க வேண்டும்.

அப்புறம் உங்கள் வர்ணனையையும் பாருங்கள். “காலி அறை” என்று சொன்னால் அவர்கள் எதைத் தொடுவார்கள்? அடுப்புச் சாம்பல் இன்னும் சூடாக இருக்கிறது, கம்பளத்தின் ஒரு மூலை மடங்கியிருக்கிறது, சுவரில் படம் மாட்டியிருந்த தடம் மட்டும் இருக்கிறது என்று மூன்று விஷயம் சொல்லுங்கள், கேள்விகள் தானாக வரும்.

கேள்வி: கால் ஆஃப் கதூலுவில் நூலக ரோலில் தோற்றதால் முக்கியமான துப்பு கிடைக்காமல் கதை நின்றுவிட்டது. வழி உண்டா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: துப்பறியும் ஆட்டங்களுக்காக ராபின் லாஸ் உருவாக்கிய கம்ஷூ விதிமுறையை இரவல் வாங்குங்கள். தேவையான திறன் உள்ள கேரக்டர், சரியான இடத்துக்கு வந்து தேடினால் துப்பு கிடைத்தே தீரும். அந்தத் துப்புக்கு என்ன அர்த்தம் என்று மண்டையை உடைத்துக்கொள்வது உங்கள் வேலை. சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ட்ரால் என்ற பூதத்தை நெருப்பாலோ அமிலத்தாலோ அடித்தால்தான் அதன் காயம் ஆறாது என்று எனக்குத் தெரியும், என் கேரக்டருக்குத் தெரியாது. தெரியாத மாதிரி நடிக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: பூதங்கள் திரியும் ஊரில் வளர்ந்த குழந்தைக்குக்கூட அதைப் பாட்டி சொல்லியிருக்க மாட்டாரா? டிஎம்மிடம் “இது எங்கள் ஊரில் தெரிந்த விஷயமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தெரியாது என்றால் ஒரு அறிவு ரோல், அதிலும் தோற்றால் ஒரு சுற்று வாளால் வெட்டிப் பாருங்கள். காயம் கண்ணெதிரே மூடுவதைப் பார்த்த பிறகு கையில் இருப்பதையெல்லாம் முயன்று பார்ப்பது எந்தக் கேரக்டரும் செய்யக்கூடியதுதான். தீப்பந்தத்தை எடுங்கள்.