கிளிக்கரை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்

தம்பி, அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்கு முதலில் வாழ்த்துகள். வகுப்புக்குக் கிளிக்கர் (திரையில் வரும் கேள்விக்குப் பொத்தானை அழுத்திப் பதில் அனுப்பும் சின்னக் கருவி) வாங்கச் சொல்கிறார்களே, கட்டாயமா, கைப்பேசியிலேயே சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தங்குமிடம், குளிருடை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கிளிக்கரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அடிபட்டவன் நான்.

எந்தக் கருவி, செயலி போதுமா என்பதெல்லாம் அந்தப் பாடத்தின் சிலபஸில், அதாவது பேராசிரியர் தரும் பாட விவரத்தாளில் இருக்கும். அதைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள். ஒரு பேராசிரியர் ஒன்றைக் கேட்பார், அடுத்தவர் வேறொன்றைக் கேட்பார். செலவு மாணவன் தலையில். இது எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

நான் வந்த புதிதில், இயற்பியல் வகுப்பின் முதல் நாள், அரங்கு நிறைய மாணவர்கள். திரையில் கேள்வி வந்ததும் எல்லோரும் டிவி ரிமோட் மாதிரி ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார்கள். என்னிடம் இல்லை. மறுநாளே வாங்கிவிட்டேன். ஆனால் கருவியின் பின்னால் இருக்கும் எண்ணை என் பெயரில் பதிவு செய்ய வேண்டும் என்று தெரியாது. அழுத்தும் பதிலுக்கு மதிப்பெண் உண்டு என்பதால் ஐந்து வாரம் ஒழுங்காகப் பதில் அழுத்தினேன். ஒன்றுகூட என் கணக்கில் ஏறவில்லை. பதிவு செய்ய இரண்டே நிமிடம்தான் ஆனது, போன மதிப்பெண் போனதுதான். அதனால் வாங்கிய அன்றே பதிவு செய்யுங்கள். முதல் வாரமே உங்கள் பெயரில் பதில் ஏறுகிறதா என்று பாருங்கள். கூச்சப்படாமல் உதவி ஆசிரியரிடம் கேளுங்கள். நான் கேட்காததுதான் தப்பு.

அடுத்தது இதைவிட முக்கியம். நம் ஆட்களிலேயே சில சீனியர்கள் வருவார்கள். "இன்னைக்கு நான் வரல, என்னோடதையும் சேர்த்து அழுத்திடு" என்பார்கள். பல வருடம் இங்கே இருந்தும் குறுக்குவழியைத்தான் கெட்டிக்காரத்தனம் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. 2014-இல் டார்ட்மத் கல்லூரியில் ஒரே பாடத்தில் 60-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இதில் மாட்டினார்கள். வராதவர்களின் கிளிக்கரை வந்தவர்கள் அழுத்தினார்கள், வந்தவர்களைவிட அதிகப் பதில்கள் ஏறியதைப் பேராசிரியர் கவனித்துவிட்டார். உள்ளூர் மாணவனை இடைநீக்கம் செய்தால் அவன் வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த பருவத்தில் வருவான். உங்கள் எஃப்-1 என்ற மாணவர் விசா படிப்பை நம்பி நிற்கிறது. படிப்பு நின்றால் இங்கே தங்கும் உரிமையும் ஆட்டம் காணும். உயிர் நண்பன் கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். என்னிடம் கேட்டவனிடம் நான் அப்படித்தான் சொன்னேன். ஒரு மாதம் பேசவில்லை, அப்புறம் பேசினான்.

இந்தக் கருவி வேண்டுமா வேண்டாமா என்று ஆசிரியர்களுக்குள்ளேயே பெரிய வாதம் நடக்கிறது. வருகைப் பதிவுக்கு மட்டும் பயன்படுத்தினால் வேண்டாம் என்பவர்கள் பக்கம்தான் நான். அதற்கு எதற்குக் கருவி? ஆனால் ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-இல் தொடங்கிய முறை வேறு. முதலில் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். விடைகள் பிரிந்து கிடந்தால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிவிட்டு மறுபடி சொல்ல வேண்டும். 2009-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வு, குழுவில் ஒருவருக்குமே சரியான விடை தெரியாத நிலையிலும் இந்தப் பேச்சு புரிதலைக் கூட்டுகிறது என்று காட்டியது. நான் அதை நம்புகிறேன், எனக்கே அது நடந்தது.

அந்த முதல் பருவத்தில் நான் வகுப்பில் வாயே திறந்ததில்லை. என் ஆங்கிலம் மற்றவர்களுக்குப் புரியாது என்ற பயம். ஒருநாள் திரையில், பெரிய லாரியும் சின்னக் காரும் மோதினால் எதன் மீது விசை அதிகம் என்று கேள்வி. நான் சமம் என்று அழுத்தினேன். எல்லோருடைய விடைகளையும் திரையில் காட்டிய வரைபடத்தில் பாதிப் பேர் கார் பக்கம். "பக்கத்தில் இருப்பவரை நம்ப வையுங்கள்" என்றார் பேராசிரியர். என் பக்கத்தில் இருந்த பையனும் கார்தான் என்றான். எனக்கு வார்த்தை வரவில்லை. இரண்டு உள்ளங்கையையும் ஓங்கித் தட்டிக் காட்டி, எந்தக் கை வலிக்கிறது என்று கேட்டேன். அவனும் தட்டிப் பார்த்தான். சிரித்தான். கார் அதிகமாகத் தூக்கி எறியப்படுவது அது இலேசானது என்பதால்தான், விசை ஒன்றேதான் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவன் கிளிக்கரை எடுத்து விடையை மாற்றினான். திரையில் சமம் என்ற பட்டை உயர்ந்தது. அடுத்த வகுப்பிலிருந்து எனக்கும் இடம் பிடித்து வைத்தான்.