தொலைந்த சாவிக்கு மட்டும்தானா அந்தோணியார்?

கேள்வி: நான் புராட்டஸ்டன்ட் சபையில் வளர்ந்தவள். கணவர் வீட்டார் கத்தோலிக்கர்கள். சாவி தொலைந்தாலும் சரி, மோதிரம் தொலைந்தாலும் சரி, தேடித் தரச் சொல்லி மாமியார் உடனே புனித அந்தோணியாரைக் கூப்பிடுவார். ஒன்பது வயது மகள், "இயேசுகிட்ட நேராவே கேட்கலாமே, நடுவுல இவர் எதுக்கு?" என்கிறாள். எனக்கும் அதே சந்தேகம்தான். வாய் திறந்தால் வீட்டில் சண்டை வரும். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகள் கேட்டதில் தப்பே இல்லை, சகோதரி. இயேசுவிடம் நேராகவே கேட்கலாம். கத்தோலிக்கத் திருச்சபையும் அதை மறுக்கவில்லை. இதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், புனிதர்கள் மன்றாட்டுமாலை சொல்லும்போது கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். கடவுளைக் கூப்பிடும்போது "இரக்கமாயிரும்" என்பார்கள். புனிதர்களைக் கூப்பிடும்போது "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, புனிதர்களுக்குக் கொடுப்பது வணக்கம்தான். 787-இல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கமே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டது. நீங்களும் சபையில் யாரிடமாவது "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டிருப்பீர்கள். இறந்துபோனவர்களிடமும் அப்படிக் கேட்கலாமா என்பதில்தான் பிரச்சினை. புராட்டஸ்டன்ட் தரப்பில், லூத்தரைச் சேர்ந்தவர்கள் 1530-இல் வெளியிட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, புனிதர்களை நினைவுகூரலாம், அவர்களுடைய விசுவாசத்தைப் பின்பற்றலாம், ஆனால் அவர்களிடம் உதவி கேட்க வேதத்தில் இடமில்லை என்றது. கத்தோலிக்கத் தரப்பில் 1563-இல் திரெந்து சங்கம், அப்படிக் கேட்பது நல்லது, பயனுள்ளது என்றது. இத்தனை நூற்றாண்டு வழக்கை நீங்களும் மாமியாரும் உட்கார்ந்து தீர்க்க முடியாது. விட்டுவிடுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தோணியார் பெரிய பிரசங்கி. 1231-இல் இறந்தார், ஓராண்டு முடிவதற்குள் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார்கள். அப்பேர்ப்பட்ட மனிதரைச் சாவி தேடித் தருகிற வேலைக்கு மட்டும் வைத்திருக்கிறோம்! காரியம் ஆக வேண்டும் என்றால் புனிதர்களின் பெயர் உடனே வாயில் வருகிறது. எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டால் முழிக்கிறோம்.

குழந்தை இயேசுவின் தெரசாவைப் பாருங்கள். 24 வயதில், 1897-இல், காசநோயால் இறந்த கன்னியாஸ்திரி. மடத்தைவிட்டு வெளியே போய்ப் பெரிதாக எதுவும் செய்ததில்லை. ஒருநாள் துணி துவைக்கும்போது எதிரில் இருந்த சகோதரி கைக்குட்டைகளை அடித்துத் துவைக்கத் துவைக்க, அழுக்குத் தண்ணீர் இவர் முகத்தில் தெறிக்கிறது. பின்னால் நகர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டால் அந்தச் சகோதரிக்கு உறைத்திருக்கும். அப்படிச் செய்யத்தான் முதலில் தோன்றியது என்று தெரசாவே எழுதியிருக்கிறார். செய்யவில்லை. எரிச்சலைக் காட்டாமல் அங்கேயே நின்று துவைத்தார். ஜெபநேரத்தில் தூங்கிவிடுவதையும் மறைக்காமல் எழுதினார். அவருக்கு 1925-இல் புனிதர் பட்டம் கிடைத்தது.

எரிச்சலும் தூக்கமும் உள்ள நம்மைப் போன்ற ஒருவர் சுவிசேஷத்தை அன்றாடம் எப்படி வாழ்ந்து பார்த்தார் என்பது இங்கே தெரிகிறதல்லவா? புனிதர்களால் பெரிய பயன் இதுதான் என்பேன். அற்புதங்கள் எனக்கு இரண்டாம்பட்சம். (சில வாசகர்கள் கோபப்படுவார்கள், பரவாயில்லை.) மகளிடமும் இந்தத் துணி துவைத்த கதையைச் சொல்லுங்கள். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று முறை மறுதலித்ததையும், இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதைத் தோமா சந்தேகப்பட்டதையும் சொல்லுங்கள். கேள்வி கேட்கிற பிள்ளைக்குத் தோமாவை ரொம்பப் பிடிக்கும்.

மாமியாரிடம் "இது தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். "அந்தோணியார் எப்படி வாழ்ந்தார், சொல்லுங்களேன் அத்தை" என்று கேளுங்கள், பேத்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. அவருக்கும் முழுசாகத் தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் மூன்று பேருமாகச் சேர்ந்து படியுங்கள். மன்றாட்டுச் சொல்ல உங்கள் மனசு ஒப்பவில்லை என்றால் அந்த நேரத்தில் அமைதியாக இருங்கள், அது யாரையும் அவமதிப்பது ஆகாது. ஆனால் கணவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நீங்கள் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள் என்பது அவர் வாயால் அம்மாவுக்குப் போவதுதான் நல்லது.