பேக்கரி, பூனை, ஒரு பிணம்: வாசகர் கேள்வி – பதில்

'யங் அடல்ட்' எனப்படும் இளையோர் நாவல்கள், 'கோஸி மிஸ்டரி' எனப்படும் மென்மையான துப்பறியும் கதைகள் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஆறு மாதத்தில் பதினைந்து கோஸி மிஸ்டரி படித்துவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரு சின்ன ஊர், ஒரு பேக்கரி, ஒரு பூனை, பேக்கரிக்காரப் பெண்ணைச் சுற்றிவரும் ஒரு போலீஸ்காரர். நூறாவது பக்கத்துக்குள் கொலையாளி யாரென்று சொல்லிவிடுகிறேன். இதற்கு யங் அடல்ட் த்ரில்லர்களே மேல் என்பது என் கட்சி. நீங்கள் எந்தக் கட்சி?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் புகாரில் பாதிதான் நியாயம். பேக்கரியும் பூனையும் மறுபடி மறுபடி வருவதைக் குறை என்று சொல்ல முடியாது. கச்சேரிக்குப் போய் 'இன்றைக்கும் கல்யாணியா?' என்று யாரும் சலித்துக்கொள்வதில்லை. எப்படிப் பாடினார் என்றுதான் கேட்கிறோம். கோஸியின் இலக்கணம் பழையது. கொலை பக்கத்துக்கு வெளியே நடக்கும். ரத்தத்தையும் சித்திரவதையையும் படுக்கையறையையும் விவரிக்க மாட்டார்கள். துப்பறிகிறவர் சம்பளம் வாங்கும் போலீஸ் அல்ல. சந்தேகத்துக்குரியவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஐந்தாறு பேர். அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் முதன்முதலாக நாவலில் வந்தது 1930-ல். அதற்கு முந்தைய வருடமே ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதி வைத்துவிட்டார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே அறிமுகமாகிவிட வேண்டும் என்பது அதில் முதலாவது.

நீங்கள் கண்டுபிடித்துவிடுகிறீர்கள் என்றால் அது நூலின் பலவீனம், வகையின் பலவீனம் அல்ல. சுமாரான கோஸி தன்னைக் காட்டிக்கொடுக்கும் வழிகள் சில உண்டு. கதையில் எந்த வேலையும் இல்லாமல் அடிக்கடி வந்து உதவி செய்துவிட்டுப் போகிற நல்லவரைக் கவனியுங்கள். எழுத்தாளர் அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது கடைசி அத்தியாயத்துக்காகத்தான். முதலில் கைதாகிறவர் அநேகமாக நிரபராதி; பெரும்பாலும் அவர் கதாநாயகியின் தோழி அல்லது தங்கை. எல்லோரிடமும் எரிந்து விழுகிறவரும் நிரபராதிதான், அவர் பாதிக் கதையில் செத்துப்போகவும் கூடும். 'எனக்கு ஒன்று தெரியும், நேரில் சொல்கிறேன்' என்று போனை வைக்கிறவரின் ஆயுள் இன்னும் பத்துப் பக்கம்.

கைதேர்ந்தவர்கள் தடயத்தை எப்படி ஒளிக்கிறார்கள் என்று பாருங்கள். மேஜைமேல் இருந்த ஏழு பொருள்களின் பட்டியலில் நான்காவதாக வைப்பார்கள். பட்டியலின் முதலும் கடைசியும் மனத்தில் நிற்கும், நடு நழுவிவிடும். அல்லது தடயத்தைச் சொன்ன அடுத்த வரியில் பால் பொங்கும், நாய் குரைக்கும், யாராவது அழுதுகொண்டு உள்ளே வருவார்கள். அல்லது ஊர் முழுக்க வம்பு பேசும் கிழவியின் வாயில் போட்டுவிடுவார்கள். அவர் சொல்வதை வாசகரும் போலீஸும் சேர்ந்தே ஒதுக்கிவிடுவார்கள். கொலைக்கு முன்பே சொல்லிவிடுவதுதான் இருப்பதிலேயே நல்ல உத்தி. அப்போது அது தடயமென்றே தெரியாது. கிறிஸ்டி முதல் உலகப் போர்க் காலத்தில் மருந்து கலக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர். அவருடைய முதல் நாவலில் விஷம் வேலை செய்த விதம் மருந்தாளுநர்களுக்குத் தெரிந்த சாதாரண வேதியியல். மருந்தாளுநர் பத்திரிகையே அந்த நாவலைப் பாராட்டி எழுதியது. தடயம் கண்ணெதிரே கிடக்கிறது, நாம்தான் தாண்டிப் போகிறோம்.

ஆகவே அடுத்த புத்தகத்தை முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். முதல் மூன்றில் ஒரு பங்குக்குத் திரும்பிப் போய், முடிவைத் தீர்மானித்த தடயம் அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் எழுத்தாளர் ஜெயித்தார். கடைசி ஐம்பது பக்கத்தில்தான் அது முளைக்கிறது என்றால் நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள். அவர் பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு விலகிவிடலாம். இன்னொன்று: நீளமான தொடர்களை முதல் நூலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். பல தொடர்களில் முதல் நூலின் பாதி, கதாநாயகி விவாகரத்தாகி ஊர் திரும்பிக் கடை திறப்பதற்கே செலவாகிவிடும். மூன்றாவதைப் படித்துப் பிடித்திருந்தால் பின்னால் போகலாம்.

சின்ன ஊரில் இத்தனை கொலை எப்படி என்று கேட்காமல் விட்டீர்களே, அதற்கு நன்றி. 1984 முதல் 1996 வரை ஓடிய 'மர்டர், ஷி ரோட்' தொலைக்காட்சித் தொடருக்கு 264 அத்தியாயங்கள். கதாநாயகியின் ஊரான கபட் கோவ் ஒரு மீன்பிடி கிராமம். கொலைகளைப் பங்கு போட்டுக்கொள்ள அவரை அடிக்கடி வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

யங் அடல்ட் த்ரில்லரில் உங்களால் ஊகிக்க முடியாததற்குக் காரணம் வேறு. அங்கே கதை சொல்லும் பதினேழு வயதுப் பிள்ளையே பொய் சொல்லலாம். நாலு பேர் மாறி மாறிக் கதை சொல்லலாம், அவர்களில் ஒருவர் நம்மிடமே ஒன்றை மறைக்கலாம். அதனால் புதிர் கடினமாகத் தெரிகிறது. எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி வைத்துவிட்டு ஏமாற்றுகிற கோஸிக்காரருக்கே எங்கள் ஓட்டு.

கேள்வி: கோஸி நாவலின் கடைசியில் இருந்த சாக்லேட் சிப் குக்கீ குறிப்பைப் பார்த்துச் செய்தேன். இரண்டேகால் கப் மைதா, 2 ஸ்டிக் வெண்ணெய், 350 டிகிரி என்று இருந்தது. காபி டம்ளரால் மாவு அளந்து, 100 கிராம் வெண்ணெய்ப் பாக்கெட் இரண்டு போட்டேன். என் ஓடிஜி (மேஜை மின் அடுப்பு) 250-க்கு மேல் போகாததால் அதிலேயே வைத்தேன். எல்லாம் உருகி ஒரே தோசையாகி, ஓரம் கருகிவிட்டது. குறிப்பே பொய்யா?
— வாசகி, மதுரை

பதில்: குறிப்பு பொய்யில்லை, அமெரிக்கக் கணக்கு. அங்கே 350 என்பது ஃபாரன்ஹீட். நம் ஓடிஜி காட்டுவது செல்சியஸ்; அதில் 175 முதல் 180 வரை. 375 என்று இருந்தால் 190. நீங்கள் 250-ல் வைத்ததால் ஓரம் கருகியது.

தோசையானதற்குக் காரணம் டம்ளர். அமெரிக்கக் கப் 240 மில்லி. அதில் மைதா சுமார் 120 முதல் 125 கிராம், சர்க்கரை 200 கிராம். இரண்டேகால் கப் மைதா என்றால் 270 கிராமுக்குக் குறையக் கூடாது. காபி டம்ளர் 150 மில்லி என்று வைத்துக்கொண்டால் நீங்கள் போட்டது 170 கிராம் சொச்சம். வெண்ணெயோ ஏறக்குறைய முழு அளவு விழுந்துவிட்டது: ஒரு ஸ்டிக் 113 கிராம், இரண்டு 226, நீங்கள் போட்டது 200. மாவு நூறு கிராம் குறைந்து வெண்ணெய் அப்படியே இருந்தால் ஓடாமல் என்ன செய்யும்? தராசு வாங்கிவிடுங்கள்.

வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளவென்று எண்ணெய் கசியக் கூடாது. மதுரை வெயிலில் பத்து நிமிடத்திலேயே அந்தப் பதத்தைத் தாண்டிவிடும். பிசைந்த மாவை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, ஆறிய தட்டில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு வையுங்கள். முதல் ஈடு எடுத்த சூட்டுத் தட்டிலேயே இரண்டாவதை வைத்தால் உள்ளே போகுமுன்பே உருகும். ஓடிஜியைப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். உப்பு வெண்ணெய் என்றால் குறிப்பில் உள்ள உப்பைத் தவிர்த்துவிடலாம். பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. சோடாவின் வீரியம் சுமார் மூன்று மடங்கு. பவுடர் கேட்கிற இடத்தில் அதே அளவு சோடா போட்டால் சோப்பு வாடைதான் மிஞ்சும். குக்கீ நடுவில் கொஞ்சம் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், ஆறும்போது இறுகும்.

கொலைக்கதையில் சமையல் குறிப்பு இன்றைய விளம்பர உத்தி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் ரெக்ஸ் ஸ்டவுட் 1938-லேயே சமையல்காரர்களை வைத்து எழுதிய துப்பறியும் நாவலில் குறிப்புகளைச் சேர்த்துவிட்டார்.

கேள்வி: மகளுக்குப் பதிமூன்று வயது. அட்டையில் கார்ட்டூன் மாதிரி படம் இருந்ததால் சிறுவர் நூல் என்று நினைத்து ஒன்று வாங்கிக் கொடுத்தேன். உள்ளே பெரியவர்கள் சமாசாரம். எப்படிப் பார்த்து வாங்குவது?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: அட்டையை நம்பாதீர்கள். பெரியவர்களுக்கான காதல் நாவல்களும் இப்போது அதே பாணிப் படத்தோடுதான் வருகின்றன. ஆங்கிலப் பதிப்புலகில் எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை 'மிடில் கிரேட்', பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை 'யங் அடல்ட்'. 'நியூ அடல்ட்' என்று மூன்றாவதாக ஒன்று உண்டு. 2009-ல் ஒரு அமெரிக்கப் பதிப்பகம் கிளப்பிவிட்ட பெயர். கதாநாயகி கல்லூரியில் இருப்பாள், உள்ளடக்கம் முழுக்கப் பெரியவர்களுக்கானது. கடையிலும் இணையத்திலும் இது யங் அடல்ட்டோடு கலந்து கிடப்பதால்தான் இந்தக் குழப்பம்.

முதலில் கதாநாயகியின் வயதைப் பாருங்கள். பிள்ளைகள் தங்களைவிட இரண்டொரு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்கவே விரும்புவார்கள். பதிமூன்றுக்குப் பதினைந்து சரி, பத்தொன்பது என்றால் யோசியுங்கள். சில நூல்களில் பின்னட்டையிலோ உள்மடிப்பிலோ '12+', '14+' என்று அச்சிட்டிருக்கும். பிறகு முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டு, புத்தகத்தின் முக்கால் பாகத்தில் பத்துப் பக்கம் படியுங்கள். கடினமான விஷயங்கள் அங்கேதான் குடியிருக்கும்.

தொடர் என்றால் இன்னும் எச்சரிக்கை. பாத்திரங்களோடு தொடரும் வயதேறும், இருண்டுகொண்டே போகும். ஹாலி ஜாக்ஸனின் 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்' 2019-ல் பள்ளித் திட்டப்பணியாகத் தொடங்குகிறது. 2021-ல் வந்த மூன்றாம் பாகம் மனத்தை உலுக்கும் வேறொரு புத்தகம். முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு மூன்றையும் மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டதைப் பிடுங்கவும் வேண்டாம். பிடுங்கினால் அதைத்தான் முதலில் படித்து முடிப்பாள். நீங்களும் படித்துவிட்டு அவளோடு பேசுங்கள்.

கேள்வி: வயது 64. யங் அடல்ட் நாவல் படிக்கிறேன் என்றால் பேரன் சிரிக்கிறான்.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: சிரிக்கட்டும். 1967-ல் வெளியாகி இந்த வகைக்கே வழி திறந்ததாகக் கருதப்படும் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எஸ். இ. ஹின்டன் எழுதத் தொடங்கியபோது அவரே பள்ளி மாணவி. பெண் எழுதிய பையன்கள் கதை என்று விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று பதிப்பகம் முதலெழுத்துகளை மட்டும் போட்டது. யார் எழுதினார், யார் படிக்கிறார் என்று பார்த்து மதிப்பிடுவது அன்றே பொய்த்துப்போன கணக்கு.

கேள்வி: பதினாறு வயதுப் பெண் துப்பறியும் கோஸி எழுதுகிறேன். பாதியில் நின்றுவிட்டது. பெற்றோர், பள்ளி, செல்போன் மூன்றும் வழிமறிக்கின்றன.
— வாசகி, சென்னை

பதில்: முன்னாலிருந்து எழுதுவதால் நின்றிருக்கும். கொலையாளி அன்று காலை முதல் இரவு வரை என்ன செய்தார் என்று மணிக் கணக்கில் ஒரு தாளில் எழுதுங்கள். நாவலில் அது வராவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த தாளில் சந்தேகத்துக்குரிய ஐந்து பேர். ஐந்து பேரும் பொய் சொல்ல வேண்டும், நால்வரின் பொய் வேறு ரகசியத்துக்காக: கடன், காதல், வேலை போனது, தேர்வில் காப்பியடித்தது. முக்கியத் தடயம் குறைந்தது இரண்டு இடத்தில் வரட்டும், இரண்டாம் முறை வேறொருவர் வாயில்.

பெற்றோரைக் கொன்றுவிடுவதும் வெளிநாடு அனுப்புவதும் தேய்ந்த வழி. வேலைப்பளுவில் இருக்கும் நல்ல பெற்றோரே போதும். மாலை நாலு முதல் ஏழு வரை அவளுக்குக் கிடைக்கும் மூன்று மணி நேரம்தான் கதையின் கடிகாரம். அவள் கேள்வி கேட்பதற்கு ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும்: பள்ளி இதழ், திட்டப்பணி, நாடகக் குழு. மேலே சொன்ன ஹாலி ஜாக்ஸன் நாவல் முழுக்க நிற்பது அந்தச் சீட்டின்மேல்தான். செல்போனைத் தொலைக்காதீர்கள், சார்ஜையும் தீர்க்காதீர்கள். அதையே தடயமாக்குங்கள்: வாட்ஸப் குழுவிலிருந்து ஒருவர் வெளியேறிய நேரம், அழிக்கப்பட்ட ஒரு செய்தி, படத்தின் பின்னணியில் தெரியும் சுவர்க் கடிகாரம். பிரேதப் பரிசோதனை அறிக்கை அவள் கைக்கு வந்தால் மட்டும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: தமிழில் கோஸி உண்டா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: பாக்கெட் நாவல்களில் தேடினால் ஏமாறுவீர்கள், அங்கே ரத்தம் முதல் பக்கத்திலேயே வந்துவிடும். தேவன் ஆனந்த விகடனில் எழுதிய துப்பறியும் சாம்பு கிட்டத்தட்ட அந்த ஊர்க்காரர்: வங்கிக் குமாஸ்தா, மனைவி வேம்பு, பழக்கமான இன்ஸ்பெக்டர் கோபாலன், குடும்பத்தோடு படிக்கலாம். ஆனால் தற்செயல் எதுவும் துப்பறிவாளருக்கு உதவக் கூடாது என்பது நாக்ஸின் ஆறாவது கட்டளை. சாம்புவுக்குத் தற்செயலைத் தவிர வேறெதுவும் உதவுவதில்லை.