கேள்வி பதில்: வாக்குத்தத்த பூமியும் அமெரிக்க வாக்காளர்களும்

கேள்வி: அமெரிக்காவில் இஸ்ரேலை மிக உறுதியாக ஆதரிப்பவர்கள் கிறிஸ்தவர்கள்தாம் என்று படித்தேன். கடல் கடந்து எங்கோ நடக்கும் ஒரு சண்டையில், மத நம்பிக்கை மக்களின் கருத்தை அவ்வளவு தூரம் தீர்மானிக்குமா?

பதில்: தீர்மானிக்கும். ஆனால் கிறிஸ்தவர்கள் என்று பொதுவாகச் சொல்வது சரியாகாது. நீங்கள் படித்தது வெள்ளையின இவாஞ்சலிக்கல் பிரிவினரை, அதாவது வேதாகமத்தைக் கடவுளின் வார்த்தையாக உறுதியாக ஏற்கும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். இஸ்ரேல் நிலத்தை யூதர்களுக்குக் கடவுளே கொடுத்தார் என்று நம்புவோர் இப்பிரிவினரில் 82 விழுக்காடு என்றும், அமெரிக்க யூதர்களில் 40 விழுக்காடு மட்டுமே என்றும் பியூ ஆய்வு மையம் 2013இல் தெரிவித்தது.

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 12ஆம் அதிகாரத்தில் கடவுள், யூதர்களின் மூதாதையான ஆபிரகாமிடம், "உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன், உன்னைச் சபிக்கிறவனைச் சபிப்பேன்" என்கிறார். இந்த வசனம் இன்றைய இஸ்ரேல் அரசுக்கும் பொருந்தும் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, அந்நாட்டை ஆதரிப்பது வெளியுறவுக் கொள்கை பற்றிய ஒரு கருத்து அன்று, கீழ்ப்படிதல். போர்ச் செய்தி வரும் முன்பே அவர் மனத்தில் பக்கம் முடிவாகிவிடுகிறது.

இதனுடன் தீர்க்கதரிசனமும் சேர்ந்துகொண்டது. யூதர்கள் தங்கள் நிலத்துக்குத் திரும்புவது இயேசுவின் இரண்டாம் வருகையோடு இணைந்த நிகழ்வு என்னும் விளக்கத்தை 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் பரப்பினார். 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு வேதாகமம் அதே விளக்கத்தை வசனங்களுக்கு அடியிலேயே குறிப்புகளாக அச்சிட்டு அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுசென்றது. ஒரே பக்கத்தில் மேலே வேதமும் கீழே விளக்கமும் இருந்ததால், காலப்போக்கில் விளக்கத்துக்கும் வேதத்தின் மரியாதை கிடைத்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். 1948இல் இஸ்ரேல் உருவானதையும், 1967இல் கிழக்கு எருசலேம் அதன் வசமானதையும் இவ்விளக்கத்தை ஏற்றவர்கள் தீர்க்கதரிசனம் நிறைவேறியதாகவே வாசித்தார்கள்.

நம்பிக்கை மனுவாகவும் மாறியது. பாலஸ்தீனத்தை யூதர்களுக்குத் திரும்பத் தர வேண்டும் என்று வில்லியம் பிளாக்ஸ்டோன் என்ற கிறிஸ்தவ ஊழியர் 1891இல், யூதர்களுக்குத் தாயகம் கோரிய சியோனிச இயக்கத்தின் முதல் மாநாடு கூடுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 413 பேரிடம் கையொப்பம் பெற்று அமெரிக்க அதிபர் பெஞ்சமின் ஹாரிசனிடம் அளித்தார். 2018 மே 14 அன்று எருசலேமில் அமெரிக்கத் தூதரகம் திறக்கப்பட்டபோது ஜெபித்தவர்களில் இருவர் இவாஞ்சலிக்கல் போதகர்களான ராபர்ட் ஜெஃப்ரஸும் ஜான் ஹேகியும். ராணுவ நலன், யூத இனப்படுகொலையின் நினைவு போன்ற காரணங்களும் இந்த ஆதரவுக்கு உண்டு.

கேள்வி: அப்படியானால் ஒரே வேதாகமத்தை வாசிக்கும் எல்லோரும் ஒரே பக்கம்தான் நிற்பார்களா?

பதில்: இல்லை. பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையை இஸ்ரேல் ஆக்கிரமித்திருப்பது தொடர்பான மூன்று நிறுவனங்களிலிருந்து முதலீட்டைத் திரும்பப் பெற அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் திருச்சபை 2014இல் முடிவெடுத்தது; ஆதரவு 310 வாக்குகள், எதிர்ப்பு 303. ஒரே சபைக்குள், நீதியைப் பற்றிய அதே வசனங்களை வாசித்தவர்கள் ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பிரிந்து நின்றார்கள். ஆகவே கருத்தை உருவாக்குவது வேதத்தின் எழுத்து மட்டுமன்று; எந்த வசனத்தை முன்னிறுத்தி, யாருடைய துயரைப் பார்க்க ஒரு சபை பழக்குகிறது என்பதும்தான்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களின் நிலை. இயேசு பிறந்த பெத்லகேமிலேயே தலைமுறை தலைமுறையாக வழிபட்டுவரும் இவர்களுக்கு, அந்தத் தீர்க்கதரிசன விளக்கத்தில் இடமே இல்லை. அவ்விளக்கம் யூதர்களையும் மனிதர்களாக அல்லாமல், முடிவுகாலத்துக்கான அடையாளமாகவே பார்க்கிறது என்று யூதர்களிலேயே பலர் ஐயத்தோடு சுட்டிக்காட்டுவதுண்டு. எருசலேமின் திருச்சபைத் தலைவர்கள் சிலர் 2006இல் இப்போதனையை வெளிப்படையாகவே மறுத்தார்கள். 2009இல் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம், உலகத் திருச்சபைகளை நோக்கி, தங்கள் வாழ்வைப் புரிந்துகொள்ள "வந்து பாருங்கள்" என்று அழைத்தது.