10 ஆண்டில் 15 வயது கூடிய மேயோ பாட்டி

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் முன்னோரைத் தேடும்போது, இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் வயது பொருந்தாத பாட்டி ஒருவர்தானா என்ற சந்தேகம் வரும். பெரும்பாலும் அதே பெண்மணியாகத்தான் இருக்கும். 1901 கணக்கெடுப்பில் வயது 56, 1911-இல் 71 என்பதால் அவரை ஒதுக்கிவிடாதீர்கள்.

இடையில் 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 1909 ஜனவரி முதல், 70 வயது ஆன ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. மேயோ மாதிரி வறிய மாவட்டத்தில் அது பெரிய பணம்; அதற்காக வயதைக் கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. அயர்லாந்தில் எல்லாருக்குமான பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழே கிடையாது. பலருக்குத் தங்கள் வயது உண்மையிலேயே தெரியாது. அவர்களைப் பொய்யர்கள் என்று எழுதிவிடாதீர்கள். 1901-இல் சொன்ன 56-தான் தவறாகவும் இருக்கலாம்.

சரி, எப்படி உறுதிசெய்வது? இரண்டு கணக்கெடுப்புப் படிவங்களின் அசல் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, வீட்டிலுள்ள பிள்ளைகளைப் பாருங்கள். அவர்கள் வயது சுமார் பத்து கூடியிருந்தால், ஊரும் அதுவேயானால், கவலை வேண்டாம். அப்புறம் 1911 படிவத்தில் மட்டும் மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்ற கட்டங்கள் உண்டு. அவை மணமான பெண்களுக்கானவை. ஆனால் கைம்பெண்கள் சிலரும் நிரப்பியிருப்பார்கள். அப்படி நிரப்பியதன் மேலே கோடு அடித்திருந்தாலும் பெரும்பாலும் படிக்க முடியும்.

ஒரு எச்சரிக்கை: மேயோவில் ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் சாதாரணம். பெயரை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.