பிளாக் பண்ணியும் மெயில் வருதே!

கேள்வி: அண்ணே, ஆம்பூர்ல சின்னதா ஷூ அப்பர் தைக்கிற யூனிட் வெச்சிருக்கேன். ஆர்டர், பில்லு எல்லாம் ஜிமெயில்லதான் வரும். ஆனா தினம் நாப்பது அம்பது மெயில், லோன் வேணுமா, லாட்டரி விழுந்திருக்கு, உங்க அக்கவுண்ட் முடங்கிடும்னு வந்துனே இருக்குது. ராத்திரி உக்காந்து ஒண்ணொண்ணா பிளாக் பண்றேன், மறுநாள் வேற பேர்ல வருது. பிளாக் பண்ணதும் ஸ்பேம்ல கெடக்குது. இன்னா பண்றது?
- வாசகர், ஆம்பூர்

பதில்: தம்பி, பிளாக் பண்ணா அந்த மெயில் நம்மகிட்ட வரவே வராதுன்னுதான் எல்லாரும் நெனைக்கிறோம், ஆனா ஜிமெயில்ல அப்படி இல்ல, அந்த அட்ரஸ்லருந்து இனிமே வர்றத நேரா ஸ்பேமுக்குத் தள்ளும், அவ்ளோதான். 30 நாள் ஆனா தானா அழிஞ்சிடும். அதனால ஸ்பேம்ல கெடக்குதேன்னு கவலப்படாதீங்க, அது பிளாக் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

உங்க பிரச்சன வேற. போன வாரம் சத்துவாச்சாரில பக்கத்து வீட்டக்கா போனை நீட்டுனாங்க, பேங்க்லருந்து கேஒய்சி அப்டேட் பண்ணச் சொல்லி மெயில், பண்ணலன்னா இன்னிக்கே கணக்கு முடங்கிடுமாம். மேல பேங்க் பேரு பளிச்சுன்னு இருக்கு. அதுக்குக் கீழ இருந்த சின்ன அம்புக்குறியத் தொட்டேன், நிஜ அட்ரஸ் விரிஞ்சுது, எழுத்தும் நம்பருமா கண்டபடி இருந்துச்சு, பேங்க் பேர் அதுல எங்கயுமே இல்ல. அக்காவுக்கு கை நடுங்கிடுச்சு, ஏன்னா லிங்கைத் தொடப் போயிட்டுதான் எங்கிட்ட வந்திருக்காங்க. இந்த மாதிரி அட்ரஸ அவனே நாளைக்குத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வெச்சுக்குவான், நீங்க ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு பிளாக் பண்றது பழைய அட்ரஸத்தான். அதனால இதுக்கு பிளாக் பத்தாது. மெயிலத் திறந்து மேல ஓரத்துல மூணு புள்ளி இருக்கும், அதுல 'ரிப்போர்ட் ஸ்பேம்' குடுங்க, அப்பதான் இது இன்ன மாதிரி மெயில்னு ஜிமெயிலுக்குப் புரியும், ஒத்த அட்ரஸோட நிக்காது. ஒருவேளை லிங்கைத் தொட்டு பணம் போயிடுச்சுன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடுங்க, சீக்கிரம் சொன்னாதான் பணத்த நிறுத்தி வெக்க வழி இருக்கு.

கடைங்க, ஆப்பு இதுங்கள்லருந்து வர்ற ஆஃபர் மெயிலுக்கு 'அன்சப்ஸ்கிரைப்'தான் சரி. ஒரே நாள்ல 5000 மெயிலுக்கு மேல அனுப்புறவங்க ஒரே கிளிக்குல விலகுற வசதி குடுத்தே ஆகணும்னு 2024ல ஜிமெயில் விதி கொண்டு வந்துச்சு. ஆனா லாட்டரிக்காரன் மெயிலுக்குள்ள இருக்கற அன்சப்ஸ்கிரைப்பை மட்டும் தொட்டுடாதீங்க, இந்த மெயில பாக்க ஒரு ஆள் இருக்கான்னு நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

அப்ப பிளாக் எதுக்குன்னா, தெரிஞ்ச ஆளு, அதே அட்ரஸ்லருந்து திரும்பத் திரும்ப தொந்தரவு பண்றாருன்னா அதுக்கு. நீங்க பிளாக் பண்ணது அவருக்குத் தெரியாது.

இன்னொண்ணு தம்பி, இதுதான் முக்கியம். இவ்ளோ பிளாக் பண்ற அவசரத்துல ஆர்டர் குடுக்கறவங்க மெயிலும் மாட்டிக்கப் போகுது. கம்ப்யூட்டர்ல ஜிமெயிலத் திறந்து, தேடுற பெட்டியோட வலது பக்க ஓரத்த கிளிக் பண்ணுங்க, 'ஃப்ரம்'ல அவங்க அட்ரஸப் போட்டு 'கிரியேட் ஃபில்டர்', அப்புறம் 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்'. ஒரு ஆர்டர் போனா எத்தன பேர் கூலி போகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம்.

கேள்வி: கத்தார்ல இருக்கற தம்பியோட மெயில தெரியாம பிளாக் பண்ணிட்டேன் சார், எடுக்க முடியுமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: முடியும்மா. கம்ப்யூட்டர்ல செட்டிங்ஸ் போய் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்'ல தம்பி அட்ரஸ டிக் பண்ணி அன்பிளாக் குடுங்க. இது இனிமே வர்றதுக்குத்தான், ஏற்கனவே வந்தது தானா இன்பாக்ஸுக்குத் திரும்பாது. ஸ்பேமத் திறந்து அந்த மெயிலுங்களுக்கு 'நாட் ஸ்பேம்' குடுக்கணும். வந்து 30 நாள் தாண்டாததுதான் அங்க இருக்கும், அதனால நாளைக்குன்னு தள்ளாம இன்னிக்கே பாருங்கம்மா.